நாலு மணிக்கு மத்தியானம்

நாலு மணிக்கு மத்தியானச் சாப்பாடாம். இந்த நோர்வேக்காரர் இதுக்கு மிட்டாக் எண்டு பேர் வைச்சிருக்கினம், மிட்டாக் எண்டால் நடுப்பகல், வெளியிலை பாத்தால் நவம்பர் மழை, தெருவிளக்கும் எரியத் தொடங்கீட்டுது, பேர்கன் நகரத்திலை இப்ப எந்தச் சூரியன் நடுவிலை நிக்குது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. நானும் கேக்கேல்லை, ஆனால் மருமகன் ஹால்வர் கேக்காத கேள்விக்கும் பதில் வைச்சிருக்கிறவன். முந்தின காலத்திலை இந்தச் சனம் உண்மையாவே நடுப்பகலிலைதான் பெரிய சாப்பாடு சாப்பிட்டதாம், பேந்து தொழிற்சாலை வந்து, கந்தோர் வந்து, சாப்பாடு பிந்திப் பிந்திப் போச்சுதாம், சொல் மட்டும் கூடவே வந்திட்டுதாம். சொல்லிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறான், தான் ஏதோ கிணறு வெட்டித் தண்ணி கண்ட மாதிரி. பள்ளிக்கூடத்திலை பதின்மூண்டு வயதுப் பிள்ளையளுக்கு நோர்வே மொழி படிப்பிக்கிறவன், ஞாயிற்றுக்கிழமையிலும் வாயை மூட ஏலாது, மேசையிலை கிடக்கிற கரண்டிக்கும் கத்திக்கும் வகுப்பு எடுப்பான். என்ரை ஒரே மகள் சாம்பவிக்கு உலகத்திலை வேறை மாப்பிள்ளை கிடைக்கேல்லை. சரி, அதை விடுவம், அதுக்கு நான் வரேல்லை. நான் வந்தது புவனத்தைக் கூட்டிக்கொண்டு போக. மூண்டு கிழமையாய் என்ரை மனிசி மகள் வீட்டிலை வந்து இருக்கிறாள், தெரிஞ்ச சனமெல்லாம் கதைக்குது, இண்டைக்குச் சாப்பாடு முடிஞ்ச உடனை ஆறு பத்து பஸ்ஸிலை அவளும் நானும் வீட்டை போறம், அவ்வளவுதான் அலுவல்.

என்ன நடந்தது எண்டு ஆரும் கேட்டால் சொல்ல வெக்கமாய் இருக்கு, ஒண்டுமே நடக்கேல்லை எண்டபடியால். உப்புக் காணாது எண்டு சொன்னனான். உப்புக் காணாது எண்டு சொன்னதுக்கு ஆராவது வீட்டை விட்டுப் போவினமோ, முப்பத்திநாலு வருசக் கலியாணம், அதுக்குள்ளை எத்தினை தரம் உப்புக் காணாமல் போயிருக்கும், எத்தினை தரம் கூடியிருக்கும், எல்லாத்தையும் சொல்லித்தானே வந்தனான், சொன்னால்தானே சமைக்கிற ஆளுக்குத் தெரியும். அண்டைக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அவளுக்கு வலது மணிக்கட்டிலை ஒப்பரேசன் செய்து பத்து நாள், துணி சுத்திக் கிடந்தது, இடக்கையாலை மா குழைச்சவள், அது எனக்குத் தெரியும், ஆனால் நான் சமைக்கச் சொல்லேல்லை, பாண் இருந்தது, பாணைத் திண்டிருக்கலாம். ரெண்டு வாய் வைச்சன், உப்புக் காணாது எண்டன், கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைச்சன். எறியேல்லை. தள்ளி வைச்சன். எறியிற ஆம்பிளையளை எனக்குத் தெரியும், எங்கடை சிநேகிதன் ஞானசேகரம் எறிஞ்சவன், அவன்ரை மனிசி இண்டைக்கும் அவனோடைதான் இருக்கிறாள். புவனம் அடுப்பை நிப்பாட்டினாள், கைப்பையை எடுத்தாள், சப்பாத்தைக் காலாலை தேடிக் கொழுவினாள், “இஞ்சாருங்கோ, நான் பிள்ளை வீட்டை போறன்” எண்டாள். போறன் எண்டு. போட்டு வாறன் எண்டு சொல்லேல்லை. அதை நான் அப்ப கவனிக்கேல்லை, குழம்புக்கு உப்புப் போட்டுக் குழைச்சுக்கொண்டிருந்தன், நாலாம் நாள் பல்லு மினுக்கேக்கைதான் அந்தச் சொல் திடீரெண்டு காதுக்குள்ளை வந்து நிண்டது. தமிழிலை ஒருத்தரும் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போகாயினம். சரி, மனிசிக்குக் கை நோ, அதிலை வாய் தவறியிருக்கும்.

மேசையிலை ஃபோரிகோல். முட்டைக்கோவாவுக்குள்ளை ஆடு, அதுதான் அந்தப் பேரின்ரை கருத்து, அதுதான் சமையலும். ஆட்டிறைச்சியையும் கோவாவையும் அடுக்கி, முழு மிளகைத் தூவி, தண்ணி விட்டு மூண்டு மணித்தியாலம் அவிக்கிறது, பக்கத்திலை அவிச்ச உருளைக்கிழங்கு, ஆஸ்பத்திரியிலை வருத்தக்காரருக்குக் குடுக்கிற சாப்பாடு. சோறு இல்லை. நான் வாறன் எண்டு தெரிஞ்சும் சோறு வைக்கேல்லை. சாம்பவிதான் சமைச்சிருப்பாள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்க, பெரிய சட்டியை ரெண்டு கையாலையும் பிடிச்சுத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ளையிருந்து வந்தது புவனம். கை சுகமாகீட்டுது போலை. எப்பிடி இருக்கு எண்டு கேக்க வாய் வந்தது, அதுக்கிடையிலை மருமகன் வெண்ணெயிலை தொடங்கீட்டான். ஸ்மோர் எண்டால் பூசுறதாம், பாணிலை பூசுற சாமான் எண்டபடியால் அந்தப் பேராம், பக்கத்திலை சுவீடன்காரர் வெண்ணெய் பூசின பாணுக்கு வெண்ணெய் வாத்து எண்டு சொல்லுவினமாம், பால் கடையேக்கை திரண்டு மிதக்கிற கட்டி அவையின்ரை கண்ணுக்கு வாத்து நீந்துற மாதிரித் தெரிஞ்சதாம். எங்கடை பெண்டுகளும்தான் வெண்ணெய் கடைஞ்சவை, ஒருத்தருக்கும் வாத்துத் தெரியேல்லை, அவைக்கு வேலை இருந்தது. பேந்து காலைச் சாப்பாட்டுக்குப் போனான். ஃப்ரூகொஸ்ட் எண்ட சொல் இவையின்ரை சொல்லே இல்லையாம், இந்தப் பேர்கன் துறைமுகத்திலை மரக் கட்டிடம் கட்டி இருந்து காய்ஞ்ச மீன் வாங்கின ஜேர்மன் வியாபாரிகள் விட்டிட்டுப் போனதாம், அதே சொல் டென்மார்க்கிலை மத்தியானச் சாப்பாடாம். ஒருத்தனுக்குக் காலைமை, அடுத்தவனுக்கு மத்தியானம், இவைக்கு மத்தியானம் எண்டால் பின்னேரம். நேரத்துக்குச் சாப்பிடத் தெரியாத கூட்டம் சொல்லுக்கு வரலாறு வைச்சிருக்குது.

மூண்டு கிழமையாய் என்ரை ஃப்ரூகொஸ்ட் என்ன எண்டு உவன் கேக்கேல்லை. பாண். மத்தியானமும் பாண், டின் மீன். சமைக்கத் தெரியாமல் இல்லை, எனக்குச் சமைக்கத் தெரியும், ஒராளுக்குச் சமைக்கத்தான் தெரியாது. முதல் கிழமை ஒருநாள் சோறு போட்டன், சட்டி நிறையப் பொங்கி நிண்டுது, குசினியிலை நிண்டபடியே சட்டிக்குள்ளை கரண்டியை விட்டுச் சாப்பிட்டன், அப்பதான் அந்தச் சத்தம் கேட்டது. நான் மெல்லுற சத்தம். நாக்கு, பல்லு, விழுங்கிறது, எல்லாம் எனக்கே கேக்குது. இவ்வளவு காலமும் அந்தச் சத்தம் எங்கை இருந்தது, அவள் பைப்பைத் திறந்து சட்டி கழுவிக்கொண்டிருந்திருப்பாள், அதிலை கேட்டிராது. எனக்கு அண்டைக்குப் பயம் பிடிச்சது, உண்மையைச் சொன்னால், அறுபத்தஞ்சு வயது மனிசன், துருவத்துக்குப் பக்கத்திலை மீன் தொழிற்சாலையிலை வேலை செய்தவன், இருபத்தேழு வருசம் பனியிலை பஸ் ஓடினவன், தன்ரை வாய்ச் சத்தத்துக்குப் பயந்து ரேடியோவைப் போட்டன். ரேடியோவிலையும் ஆரோ சாப்பாட்டைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டிருந்தாங்கள். சமைச்சதை மூடி வைச்சன், மூண்டாம் நாள் குப்பையிலை கொட்டினன். அதை விடுவம். இண்டையோடை அது முடிஞ்சுது.

ஹால்வர் பியர்க் கிளாசைத் தூக்கி ஸ்கோல் எண்டான். இது ஒரு பெரிய சடங்கு, சும்மா தூக்கிக் குடிச்சால் மரியாதை இல்லை, தூக்கி ஒருத்தற்றை கண்ணை ஒருத்தர் பாக்கவேணும், குடிக்கவேணும், திரும்பப் பாக்கவேணும். தண்ணி குடிக்கிறதுக்கு இவ்வளவு கண். புவனமும் தூக்கினாள், தோடம்பழச் சாறு, மருமகனைப் பாத்தாள், மகளைப் பாத்தாள், பேந்து என்னைப் பாத்தாள், பஸ்ஸிலை ரிக்கெற் காட்டிக்கொண்டு ஏறுற சனத்தை நான் பாத்த மாதிரி, எல்லாரையும் ஒரே அளவாய். “மாம்மா, ஸ்கோல் எண்டால் கிண்ணம்” எண்டான் அவன். மாமா எண்ட ரெண்டெழுத்தைக்கூட நீட்டி முழக்காமல் சொல்லத் தெரியாது. எதிரியின்ரை மண்டையோட்டிலை குடிச்ச வழக்கத்தாலை வந்த சொல் எண்டு வெளியாக்கள் நம்புகினமாம், அது பெரிய பிழையாம், வெறும் கிண்ணம்தானாம். எனக்கு ஆற்றை மண்டையிலை ஆர் குடிச்சாலென்ன. பேந்து பியருக்குப் போனான், ஓல் எண்ட சொல்லுக்கு முந்திப் பியர் மட்டுமில்லை, விருந்து எண்டும் கருத்தாம், பியர் காய்ச்சாமல் விருந்து இல்லை எண்டபடியால். பிள்ளை பிறந்தால் பிள்ளைப் பியர், புதைச்சால் புதைகுழிப் பியர், தேப்பன் செத்தால் வாரிசுப் பியர். அந்த வாரிசு விருந்திலை மகன்காரன் உடனை போய்த் தேப்பன்ரை கதிரையிலை குந்த ஏலாதாம், கதிரைக்கு முன்னாலை படியிலை காத்துக்கொண்டு இருக்கவேணுமாம், கிண்ணம் வரவேணும், எழும்பிக் குடிக்கவேணும், அதுக்குப் பிறகுதான் அவனைக் கொண்டுபோய் அந்தக் கதிரையிலை ஏத்துவினமாம். வீட்டுத் தலைவன்ரை கதிரை ஒண்டுதானாம். அவன் அதைச் சொல்லேக்கைதான் நான் நிமிர்ந்து பாத்தன், இந்த மேசையிலை தலைமாட்டுக் கதிரையிலை இருக்கிறது ஆர் எண்டு. புவனம் இருக்கிறாள்.

இருந்து சாப்பிடுறாள். எனக்கு அது என்னவோ செய்தது, ஏன் எண்டு உடனை விளங்கேல்லை, கோவாவை வெட்டி வாயிலை வைச்சுக்கொண்டு யோசிச்சன், பேந்து விளங்கிச்சுது, இவள் சாப்பிட்டு நான் பாத்ததில்லை. கலியாண வீட்டுச் சாப்பாட்டை விட்டால், ஆற்றையும் பிறந்தநாளை விட்டால், எங்கடை வீட்டிலை அவள் சாப்பிட்டு நான் பாத்ததே இல்லை. நான் சாப்பிடேக்கை அவள் நிப்பாள், தோசை எண்டால் சுட்டுச் சுட்டுக் கொண்டுவந்து போடுவாள், நான் கை கழுவிப்போட்டுச் செய்திக்கு முன்னாலை போய் இருந்தால் குசினிக்குள்ளை கோப்பைச் சத்தம் கேக்கும், அப்பதான் சாப்பிட்டிருப்பாள் போலை. எங்கடை ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தானே. உவள் முள்ளுக்கரண்டியை இடக்கையிலை வடிவாய்ப் பிடிச்சு, இறைச்சியை எலும்பிலையிருந்து கழட்டி, மிளகை ஒவ்வொண்டாய்ப் பொறுக்கிக் கோப்பைக் கரையிலை ஒதுக்கிறாள். மிளகு இவளுக்குப் பிடிக்காதோ. எனக்கு மிளகு ரசம் வைச்சு வைச்சுத் தந்தவள், கிழமைக்கு ரெண்டு தரம். உருளைக்கிழங்கைத் தோலோடை சாப்பிடுறாள். ரெண்டாந்தரமும் போடுறாள். வெக்கமில்லாமல், ஆறுதலாய், வாய் நிறைய. இன்னொரு விசயம், சொல்லக்கூடாது, சாப்பாடு நல்லாய் இருக்கு. இறைச்சி கரையுது. வயது போன ஆக்களின்ரை இல்லத்திலை இருபத்திரெண்டு வருசம் குசினி வேலை செய்தவள், அங்கை கிழடுகளுக்கு இதைத்தான் அவிச்சுப் போட்டிருக்கிறாள், எனக்கு ஒருநாளும் செய்து தரேல்லை. செய்யட்டோ எண்டு ஒருக்கால் கேட்டவள், உந்த ஆட்டுக் கஞ்சியை வீட்டுக்குள்ளை கொண்டுவராதையும் எண்டு நான்தான் சொன்னனான். அதுவும் ஞாபகம் வருது. வேண்டாத நேரத்திலை எல்லாம் ஞாபகம் வருது.

“ஆறு பத்துக்கு ஒரு பஸ் இருக்கு” எண்டன், ஆற்றையும் முகத்தைப் பாக்காமல், பொதுவாய். “முதல் சாப்பிடுங்கோ அப்பா” எண்டாள் சாம்பவி. புவனம் உருளைக்கிழங்குச் சட்டியை மருமகன்ரை பக்கம் தள்ளினாள். மனம் இருக்கிற மனிசி எண்டால் ஓம் எண்டு ஒரு தலையாட்டல் ஆட்டியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது, கோபம் எண்டும் சொல்ல ஏலாது. சரி, வேறை வழியாலை போவம் எண்டு நினைச்சன். இவன் இவ்வளவு சொல் சொல்லுறானே, நானும் ஒரு சொல் வைச்சிருக்கிறன், ரெண்டு மாதமாய் வைச்சிருக்கிறன். தமிழ் மன்றத்திலை ஆரோ கதைக்கக் கேட்டுப் பொத்தி வைச்சது. நோர்வே மொழியிலை இஞ்சிக்கு இங்கஃபேர் எண்டு சொல்லுறது, அது எங்கடை இஞ்சியிலையிருந்து போனது, இஞ்சிவேர் எண்டு வேரோடை சேத்து, சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் எண்டு வீடு வீடாய் ஏறி இறங்கிக் கடைசியிலை இந்தக் குளிரிலை வந்து நிக்குது. மேசையிலை இஞ்சி பிஸ்கட் வருமட்டும் காத்திருந்து, கோப்பியோடை மெதுவாய்ச் சொல்லுவம், இவன் வாயைப் பிளப்பான், சாம்பவி அப்பாவைப் பாத்துச் சிரிப்பாள், புவனமும் ஒருக்கால் என்ரை பக்கம் திரும்புவாள், என்ரை மனிசனுக்கும் ஏதோ தெரியும் எண்டு நினைப்பாள். அந்தச் சிரிப்போடை எழும்பி, வாரும் போவம் எண்டால் வந்திடுவாள். அப்பிடித்தான் யோசிச்சு வைச்சிருந்தனான், பஸ்ஸிலை வரேக்கை வாய்க்குள்ளை சொல்லியும் பாத்தனான். இந்தச் சனியன் பிடிச்ச மருமகன், புவனம் ஒதுக்கி வைச்ச மிளகைப் பாத்தான், பெப்பர் எண்ட சொல்லும் இந்தியாவிலையிருந்து வந்ததுதான், திப்பிலிக்கு இருந்த பேரிலையிருந்து எண்டான், பேந்து என்னைப் பாத்துக் கண் ரெண்டும் மினுங்க, “மாம்மா, இங்கஃபேர் உங்கடை சொல், தெரியுமோ” எண்டு தொடங்கினான். முழுக்கச் சொன்னான். வேரோடை. கிரேக்கத்தோடை. நான் தெரியும் எண்டு சொன்னன், ஒருத்தரும் நம்பேல்லை, சாம்பவி “மெய்யாவோ அம்மா” எண்டு தாயைக் கேட்டாள், புவனம் மருமகனைப் பாத்துச் சிரிச்சாள். வைச்சிருந்தது ஒரே ஒரு சொல். அதையும் கொண்டுபோட்டான்.

இனி அந்த நேரம் வருது. கோப்பையள் வெறுமையாகுது, கரண்டியளைப் பக்கத்திலை பக்கத்திலை வைக்கினம், இனி எல்லாரும் சொல்லப்போகினம், தக் ஃபோர் மாத்தன், சாப்பாட்டுக்கு நன்றி. இந்த நாட்டிலை சொல்லாமல் ஒருத்தரும் மேசையை விட்டு எழும்பாயினம், புருசன் பெண்சாதிக்குச் சொல்லுவான், பிள்ளை தாய்க்குச் சொல்லும், நேற்றும் சொன்னது, நாளைக்கும் சொல்லும். எனக்கு எப்பவும் அருவருப்பாய்த்தான் இருந்தது. கடையிலை வாங்கித் திண்டால் சொல்லு, ஆற்றையும் வீட்டிலை திண்டால் சொல்லு, பெத்த தாய்க்கும் கட்டின மனிசிக்கும் ஆராவது நன்றி சொல்லுவினமோ, சொன்னால் நீ அந்நியம் எண்டுதானே கருத்து. சாம்பவி ஐஞ்சு வயதிலை பாலர் பள்ளியிலையிருந்து இதைப் பழகிக்கொண்டு வந்தாள். ஒருநாள் இடியப்பம் திண்டு முடிச்சுப்போட்டுக் கதிரையிலை நிமிந்து இருந்து, தக் ஃபோர் மாத்தன் அம்மா எண்டாள். நான் பேசிப்போட்டன். அம்மாவுக்கு நன்றி சொல்லுறியோ, நீ என்ன விருந்தாளியோ, இது என்ன சாப்பாட்டுக் கடையோ எண்டு. பிள்ளை அழுதுது. அதுக்கு முதல், நான் பேசுறதுக்கு முதல், அகப்பையோடை நிண்ட புவனத்தின்ரை முகம் ஒரு மாதிரி ஆனது. மலர்ந்து வந்தது. நான் வாயைத் திறக்க அப்பிடியே நிண்டுபோச்சுது. அந்த முகத்தை நான் பாத்தனான். இருபத்தேழு வருசமாய்ப் பாக்கேல்லை எண்டு வைச்சிருந்தன், ஆனால் பாத்தனான்.

அதுக்கும் முதல் ஒண்டு இருக்கு, அது இன்னும் வேண்டாத ஞாபகம். இருந்தாலும் வருது. புவனம் வர முதல், வடக்கிலை மீன் தொழிற்சாலையிலை நாலு பேர் ஒரு அறையிலை இருந்த காலம், நான்தான் சமையல். தொழிற்சாலையிலை கழிச்சு எறியிற மீன் தலையைக் கொண்டுவந்து குழம்பு வைப்பன், மற்ற மூண்டு பேரும் குனிஞ்ச தலை நிமிராமல் திண்டிட்டு எழும்பிப் போவாங்கள், ஒரு சொல் இல்லை, ஏன் சொல்லவேணும். ஒரு சனிக்கிழமை மேற்பார்வையாளரின்ரை மனிசி ஏதோ அலுவலாய் வந்தவள், இருங்கோ சாப்பிடுங்கோ எண்டன், கண்ணிலையும் மூக்கிலையும் தண்ணி ஓட ஓடத் திண்டாள், எழும்பேக்கை என்ரை கையைப் பிடிச்சு, தக் ஃபோர் மாத்தன் எண்டாள். அந்தக் கிழமை முழுக்க நான் ஒரு மாதிரித் திரிஞ்சன். ஐஸ் தண்ணிக்குள்ளை மீன் வெட்டேக்கையும் அது உள்ளுக்குள்ளை சூடாய்க் கிடந்தது. அடுத்த சனிக்கிழமையும் வருவாளோ எண்டு ரெண்டு தலை கூடக் கொண்டுபோனன். அப்ப எனக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. ஒரு கிழமைக்கு ஒரு சொல் எனக்குக் காணுமாய் இருந்தது எண்டு தெரிஞ்சுகொண்டு, அவளுக்கு முப்பத்திநாலு வருசம் உப்புக் கணக்கு மட்டும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறன். தூ. மற்றவனைத் துப்பித் துப்பிக் கடைசியிலை துப்பல் என்ரை மேலைதான் விழுது.

“தக் எண்ட சொல் நினைக்கிறது எண்ட சொல்லோடை ஒரே வேர்” எண்டு மருமகன் சொல்லுறான், ஆருக்குச் சொல்லுறான் எண்டு தெரியேல்லை. நன்றி எண்டால் முதல் கருத்து நினைப்புத்தானாம். அவன் புவனத்தின்ரை பக்கம் திரும்பி, தக் ஃபோர் மாத்தன் எண்டான். “வெல் பெகொம்ம, தம்பி” எண்டாள் புவனம், உடம்பிலை நல்லாய்ச் சேரட்டும் எண்டு அதுக்குக் கருத்து, மறுமொழியாய்ச் சொல்லுறது. தம்பி எண்டு சேத்தாள். சாம்பவி எழும்பி வந்து தாயின்ரை தோளிலை கை போட்டுச் சொன்னாள், புவனம் அவளின்ரை கன்னத்திலை தட்டினாள். இனி என்ரை முறை. ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை, நான் சொல்ல மாட்டன் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஹால்வர் கோப்பையளை அடுக்கத் தொடங்கீட்டான். நான் இப்பிடி யோசிச்சன்: ஒரு சொல்தானே, அதுவும் தமிழும் இல்லை, வாயாலை விட்டால் போச்சு, அவளுக்கு அதுதான் வேணுமெண்டால் எடுக்கட்டும். அப்பிடி நக்கலாய்த்தான் யோசிச்சன், ஆனால் நேராய்க் கிடந்த கரண்டியை எடுத்துத் திரும்பவும் நேராய் வைச்சன். “தக் ஃபோர் மாத்தன்” எண்டன். புவனம் எண்டும் சேத்துச் சொல்ல நினைச்சன், சொல்லேல்லை. ஹால்வரின்ரை கை கோப்பையோடை அப்பிடியே நிண்டது. சாம்பவி தாயைப் பாத்தாள். புவனம் என்னைப் பாத்தாள், கன நேரம் பாத்தாள், பேந்து சிரிச்சாள். அந்தச் சிரிப்பை நான் முந்திக் கண்டிருக்கிறன். இல்லத்துக்கு ஒருக்கால் அவளைக் கூப்பிடப் போன நேரம், சாப்பாட்டு மேசையடியிலை வரிசையாய் வந்த கிழடுகளுக்குக் குடுத்துக்கொண்டு நிண்டவள், ஒருத்தருக்கும் கூடவும் இல்லை குறையவும் இல்லை. “வெல் பெகொம்ம” எண்டாள். அதோடை வேறை ஒண்டும் சேக்கேல்லை.

சரி, சொல்லியாச்சு, அவளும் மறுமொழி தந்தாச்சு, சிரிச்சும் போட்டாள். கோபம் ஆறீட்டுது எண்டுதானே கருத்து. ஐஞ்சு ஐம்பத்தைஞ்சு. கோப்பி வேண்டாம் எண்டிட்டு எழும்பி வாசலுக்கு வந்தன், சப்பாத்தைப் போட்டன், கழுத்துச் சால்வையை எங்கை வைச்சனான் எண்டு யோசிச்சன், இரவு வீட்டை போய் அவளுக்குப் படுக்கை விரிப்பு மாத்தவேணும், பாத்திரமெல்லாம் அப்பிடியே கிடக்கு, பாத்தால் ஏசுவாள், ஏசட்டும், எவ்வளவும் ஏசட்டும், நான் கழுவிப்போடுறன். கொழுவியிலை அவளின்ரை கறுப்புக் கோட் தொங்கிச்சுது. அதை எடுத்துக் கையிலை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், வந்த உடனை கையை விடட்டும் எண்டு. இந்த நாட்டு ஆம்பிளையள் தங்கடை மனிசிமாருக்கு இப்பிடிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதைக் கண்டு நான் எத்தினை தரம் சிரிச்சிருப்பன். குசினிக்குள்ளை தண்ணிச் சத்தம் நிண்டது. புவனம் கையைத் துடைச்சுக்கொண்டு வந்தாள், பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒண்டைப் பொலித்தீன் பையிலை சுத்தி என்னட்டை நீட்டினாள், இன்னும் சூடாய் இருந்தது. “நாளைக்கும் காணும். சூடாக்கேக்கை மூடியைக் கழட்டுங்கோ” எண்டாள். “நீர் வெளிக்கிடேல்லையோ” எண்டன், “பஸ்ஸுக்கு நேரமாச்சு.” அவள் கோட்டை என்ரை கையிலையிருந்து மெதுவாய் வாங்கினாள், தோளைத் தட்டி நேராக்கி, திரும்பக் கொழுவியிலை மாட்டினாள். பேந்து கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு, பெட்டியைக் காட்டி, “உதைத் திருப்பித் தரத் தேவையில்லை” எண்டாள், “இஞ்சை கனக்கக் கிடக்கு.”